சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை மணி நேரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து சாங்கி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 2,920 கிலோமீட்டர். கடல் மைலில் சொன்னால் ஏறக்குறைய 1,577. பயணச்சீட்டில் நாலு மணி, நாலே கால், சில சமயம் நாலரை மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். கிளம்பும்போதும் இறங்கியபோதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவருக்குப் போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றே முக்கால் மணி. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடுவது வரை மட்டும் எடுத்தால் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில் வரும். ஒரே கேள்விக்கு இத்தனை பதில்கள். எல்லாமே சரியானவை.

நான் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன். பல்லாவரத்தில் வீடு; மொட்டை மாடிக்குப் போனால் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். அக்கா குடும்பம் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறது. அம்மா அவ்வப்போது அங்கே போய் இருந்துவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் சொந்தக்காரர்கள் கேட்பது இதைத்தான்: "போக எவ்வளவு நேரம் ஆகும்?" நாலு மணி நேரம் என்று சொன்னால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். எனக்கு மட்டும் மனசு அங்கேயே நிற்கும். அந்த நாலுக்குள் பூமியின் வளைவு இருக்கிறது, பருவக்காற்று இருக்கிறது, கடிகாரத்தைப் பற்றி இரண்டு நாடுகள் எடுத்த முடிவுகள் இருக்கின்றன, எங்கள் தாத்தாவின் கப்பல் இருக்கிறது. அதையெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

முதலில் தூரம். வகுப்பில் நான் செய்துகாட்டுவது இது: பூகோள உருண்டையில் சென்னை மேல் ஒரு விரல், சிங்கப்பூர் மேல் ஒரு விரல், நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் தளராமல் எந்த வழியில் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய பாதை. அதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். சென்னை–டோக்கியோ மாதிரி வடக்கே ஏறிப் போகும் பாதைகளில், உருண்டையில் நேராகத் தெரியும் நூல் தட்டையான படத்தில் நன்றாக வளைந்து தெரியும். சென்னை–சிங்கப்பூர் பூமத்தியரேகைக்குப் பக்கத்திலேயே கிடப்பதால் அந்த வளைவு ரொம்பக் குறைவு. சுவரில் மாட்டிய படத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாலும் கிட்டத்தட்ட சரியாகவே வரும்.

அந்த நூல் எதன் மேலெல்லாம் போகிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி. சென்னைக் கரையைத் தாண்டிவிட்டால் சுமார் 1,650 கிலோமீட்டருக்கு வெறும் கடல். ஒரு தீவு கூடக் குறுக்கே வராது. அப்புறம் கிரேட் நிக்கோபாரின் தென்முனையை ஒட்டினாற்போல் போகிறது. அந்த முனைதான் இந்திரா முனை, இந்தியாவின் தெற்குக் கடைசி. 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் அங்கே நிலமே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. சிங்கப்பூருக்குப் பாதி வழி தாண்டிய பிறகும் பக்கத்தில் இருப்பது இந்திய மண்தான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கன்னியாகுமரியோடு தெற்கு முடிந்தது என்றே பழகியிருக்கிறோம் இல்லையா? இந்திரா முனையிலிருந்து சுமத்ராவின் வடபகுதித் தீவுகள் சுமார் 160 கிலோமீட்டர்தான்.

அதற்குப் பிறகு நூல் சுமத்ராவின் வட கோடியிலுள்ள வே தீவின் மேல் ஏறி, ஆச்சே மாநிலத்தின் வடகிழக்கு மூலையை வெட்டிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் இறங்குகிறது. நீரிணையைக் குறுக்காகக் கடந்து மலேசியக் கரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுக் கிழக்கே மலாக்கா நகரம். நூல் அந்த ஊருக்கு மேலேயே போகிறது என்று சொல்லிவிடலாம். அடுத்து ஜொகூர், அதையடுத்து சாங்கி.

இந்த வழியைக் கேட்டதும் தமிழ் வாசகர்களுக்கு வேறொரு பட்டியல் நினைவுக்கு வரும். 1025-இல் கடாரம் வரை போன ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது, இலாமுரிதேசம் வருகிறது, கடாரம் வருகிறது. மாநக்கவாரம் என்பது நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் இன்றைய கெடா என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். கெடா இந்த நூலுக்குக் கொஞ்சம் வடக்கே விலகியிருக்கிறது. மற்ற இரண்டும் நூலின் மேலேயே. அதற்குப் பின்னால், 1500-களில், பழவேற்காட்டில் துணி ஏற்றிய கப்பல்கள் மலாக்காவுக்குத்தான் போயின. பழவேற்காடு சென்னைக்குச் சற்று வடக்கே, ஒரே நாளில் போய்வரும் தூரம்தான். மிகக் குறுகிய வழி கடலிலும் திறந்தே கிடப்பதால் கப்பலுக்கும் விமானத்துக்கும் பாதை பெரிதாக மாறவில்லை. பெரும்பாலான ஊர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது. சென்னையிலிருந்து துபாய்க்குக் கப்பலில் போவதென்றால் இலங்கையைச் சுற்றியல்லவா போக வேண்டும்.

தூரத்தை அளப்பது பற்றிப் பேசும்போது பரங்கிமலையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கான முதல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தது அந்த மலைப் பக்கத்தில்தான். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியைத் திரும்பத் திரும்பக் கிடத்தி, ஏழரை மைல் நீளக் கோட்டைத் தெற்கே பெரும்பாக்கம் வரை அளந்தார்கள். அதை முடிக்க மே மாதக் கடைசி வாரம் நெருங்கிவிட்டது. அந்த ஒற்றைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டையே அளந்து இமயமலை வரை போனார்கள். இன்று மீனம்பாக்கத்தில் ஓடுபாதையை விட்டுக் கிழக்கே எழும்பும் விமானம் ஒவ்வொன்றும் அந்த மலையை அருகில் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டிச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி கப்பல். அம்மாவின் அப்பா 1950-களில் மெட்ராஸ் துறைமுகத்தில் ரஜூலா கப்பலில் ஏறிச் சிங்கப்பூர் போனவர். சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் வேலை. ரஜூலா 1926-இல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். 1970-களின் தொடக்கம் வரை இந்தப் பாதையில் ஓடியது. காசு உள்ளவர்களுக்கு அறை. தாத்தாவைப் போன்றவர்களுக்கு மேல்தளம். பாயை விரித்து இடம் பிடித்துக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கில் நின்று, மலேயாவின் துறைமுகத்தில் நின்று, அப்புறம்தான் சிங்கப்பூர். மணிக்கு 12 கடல் மைல் ஓடும் ஒரு கப்பல் எங்கும் நிற்காமல் போனாலே 1,580 கடல் மைலுக்கு ஐந்தரை நாள் ஆகும். நின்று நின்று போவதால் ஏறக்குறைய ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல்.

தாத்தாவின் அப்பா ஊரில் இறந்தபோது சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தார்கள். தந்தி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள் வர அடுத்த கப்பல் வேண்டுமே. தாத்தா பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அவர் இதைப் பற்றி அதிகம் பேசியதில்லை என்று அம்மா சொல்வார். 2,920 கிலோமீட்டர் என்ற எண் அன்றைக்கும் இதேதான். அதை ஒருவர் எத்தனை நாளில் கடக்கிறார் என்பதில்தான் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும் பார்க்க முடியாமல் போவதும் இருந்தது.

ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அது கடலில் வந்துகொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடிய பயணிகள் கப்பல் போக்குவரத்து அத்தோடு நின்றது. இப்போது அம்மா வயதுக்காரர்களின் பேச்சில்தான் அந்தப் பெயர்கள் இருக்கின்றன.

விமானத்துக்கு வருவோம். அக்கா பையன் பத்து வயதில் என்னிடம் கேட்டான்: "மாமா, பூமிதான் சுத்துதே. பிளேன் மேல போய்ச் சும்மா நின்னா சிங்கப்பூர் தானா கீழ வந்துடாதா?" நல்ல கேள்வி. பெரியவர்களுக்கும் இருக்கும் சந்தேகம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது, சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. அவன் சொல்கிறபடி பார்த்தால் சிங்கப்பூர் நம்மை விட்டு விலகித்தான் ஓட வேண்டும். ஆனால் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறப்பதால் பூமியின் சுழற்சி பயண நேரத்தை நேரடியாகக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. பூமியின் தரையைப் பொறுத்து அந்தக் காற்று எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கணக்கு.

இந்தப் பாதையில் அந்தக் கணக்கு அழகானது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் மட்டத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வங்கக்கடலைக் கடந்து வீசுகிறது. பாய்மரக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே போக உதவியது இந்தக் காற்று. திரும்பி வர வடகிழக்குப் பருவக்காற்றுக்குக் காத்திருப்பார்கள். இதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் நேர் மேலே 14, 15 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் காற்று அப்படியே எதிர்ப்பக்கம் வீசுகிறது. கிழக்கிலிருந்து மேற்காக, வேகமாக. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று அதற்குப் பெயர். 1950-களில் அதை ஆராய்ந்து 1958-இல் விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம்.

அது ஏன் அப்படி வீசுகிறது? கோடையில் திபெத்தியப் பீடபூமியும் வட இந்தியாவும் கடுமையாகச் சூடாகின்றன. அங்கே காற்றுத் தூண் விரிந்து உயர்கிறது. அதனால் உயரத்தில் வடக்கே அழுத்தம் கூடுதல், தெற்கே குறைவு. காற்று தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. பூமியின் சுழற்சி அதை வலப்பக்கமாகத் திருப்பிவிட, அது மேற்கு நோக்கி ஓடும் காற்றாக மாறுகிறது. (பையனிடம் சுழற்சிக்கு நேரடி வேலை இல்லை என்று சொன்னேன் அல்லவா, இப்படிச் சுற்றுவழியில் அது வந்து சேர்ந்துகொள்கிறது.) கீழே ஈரத்தைச் சுமந்துகொண்டு வடக்கே போகும் காற்றும் மேலே திரும்பி வரும் இந்தக் காற்றும் ஒரே பருவமழைச் சுழற்சியின் இரண்டு பக்கங்கள்.

பயணிகள் விமானம் பறப்பது பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில். தாரைக்காற்றின் மையம் அதற்கும் மேலே இருந்தாலும் அடிப்பகுதியின் வேகம் விமானத்தின் மேல் படும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விமானம் காற்றுக்குள் மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் தரையைப் பொறுத்த வேகம் 780. 2,920 கிலோமீட்டருக்கு மூன்றே முக்கால் மணி நேரம். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 900; மூன்றே கால் மணி நேரம். அரை மணி வித்தியாசம் காற்றால் மட்டுமே. ஏறவும் இறங்கவும் வேகம் குறைவது, பாதை நூல் போல நேராக இல்லாமல் குறிப்பிட்ட புள்ளிகளை ஒட்டி வளைந்து போவது எல்லாம் இதற்கு மேல் சேரும்.

சோழர் காலத்துக் கப்பலைக் கிழக்கே தள்ளிய அதே மாதங்கள் இன்றைய விமானத்தைக் கிழக்கே போகவிடாமல் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கின்றன. ஒரே பருவக்காற்று, அடியில் ஒரு திசை, உச்சியில் மறு திசை. முப்பது வருஷம் பருவக்காற்றைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறேன். அந்த அம்புக்குறிக்கு மேலே இன்னொன்று திரும்பி வருகிறது என்பதை எந்தப் பிள்ளையும் சுலபமாக மறக்க முடியாதபடி சொல்ல இந்தப் பயணத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மற்ற மாதங்களில் இந்த வழியில் மேல்காற்று அவ்வளவு வலுவாக இருப்பதில்லை. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஓடும் பெரிய தாரைக்காற்று வட இந்தியாவுக்கு மேல் இருக்கிறது. அதன் பலன் டெல்லியிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு.

உயரத்தைப் பற்றி ஒரு சின்ன விஷயம். இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் கவனியுங்கள். கிழக்குத் திசையில் போகும் விமானங்கள் பொதுவாக ஒற்றைப்படை ஆயிரங்களில் பறக்கும்: 33,000, 35,000, 37,000 அடி. மேற்கே வருபவை இரட்டைப்படையில்: 34,000, 36,000, 38,000. எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் சந்திக்காமல் இருக்க வகுத்த விதி. வங்கக்கடலின் நடுவே ரேடார் எட்டாத பரப்பு பெரியது என்பதால் இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் பயணச்சீட்டில் இருக்கும் நாலே கால் மணி வரவில்லையே என்று கேட்கலாம். சீட்டில் போடுவது பறக்கும் நேரம் இல்லை. விமானம் நின்ற இடத்திலிருந்து நகர ஆரம்பிப்பது முதல், அங்கே போய் நின்ற இடத்தில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் வாசல் காலியாகும் வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் என்ற பெயர் வராமல் இருக்க, விமான நிறுவனங்கள் மேற்கொண்டு கொஞ்சம் நேரத்தையும் சேர்த்தே போடுகின்றன. அதனால்தான் தாமதமாகக் கிளம்பிய விமானம் சில நாள் சரியான நேரத்துக்கே போய் நிற்கிறது.

சென்னைப் பக்கத்திலும் சில நிமிடங்கள் ஏறி இறங்கும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்ப வேண்டும். பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் கிழக்கே பார்த்து எழும்பி நேரே கடலுக்குப் போய்விடலாம். தென்மேற்குக் காற்று அடிக்கும் வேளைகளில் குன்றத்தூர் பக்கமாக எழும்பி, சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். சிங்கப்பூர் பக்கம் இன்னொன்று: ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைமழை. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் போய்ச் சேருவதும் அதே விடியற்காலை வேளையில்தான். மழை வரிசையாக நின்றுவிட்டால் வானத்தில் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது கடிகாரம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சிங்கப்பூர் நம்மை விடச் சுமார் இருபத்து மூன்றரை பாகை கிழக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நாலு நிமிடம். ஆக, சூரியன் சிங்கப்பூரின் உச்சிக்கு வந்து 94 நிமிடம் கழித்துத்தான் சென்னையின் உச்சிக்கு வருகிறது. இயற்கை வைத்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் கடிகாரத்தில் இரண்டரை மணி, அதாவது 150 நிமிடம். மீதி 56 நிமிடம் எங்கிருந்து வந்தது?

நம் பக்கத்தில் பார்ப்போம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வந்த மெட்ராஸ் வானாய்வகம் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்தது. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்த அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்ட நேரம் என்பதால் அது பொருத்தமாக இருந்தது. வானாய்வகத்தின் கருங்கல் தூண் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி என்ற இந்திய நேரம் வந்தது. அதனால் சென்னைக் கடிகாரம் தன் சூரியனை விட 9 நிமிடம் முந்திக்கொண்டது.

சிங்கப்பூரின் கதை நீளமானது. அதன் சூரிய நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 55 நிமிடம் முன்னால். 1905-இல் அதை ஏழு மணியாக்கினார்கள். 1933-இல் 7 மணி 20 நிமிடம், 1941-இல் ஏழரை. ஜப்பானியர் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை டோக்கியோ நேரம், ஒன்பது மணி. உச்சிவெயில் பகல் இரண்டு மணிக்கு. போர் முடிந்ததும் மறுபடி ஏழரை. மலேசியா, தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று எட்டு மணிக்கு மாறியபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1982 ஜனவரி 1 முதல் அதுதான். தன் சூரியனை விட 65 நிமிடம் முன்னால். 94-இல் நம்முடைய 9-ஐக் கழித்து, அவர்களுடைய 65-ஐக் கூட்டுங்கள். சரியாக 150 வரும்.

இந்தக் கணக்கை வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் அம்மாதான், அவர் வழியில். ஊரிலிருந்து கொண்டுபோன தினசரி நாட்காட்டியைப் பார்த்துவிட்டு ஒரு திங்கட்கிழமை அக்கா வீட்டிலிருந்து போன் செய்தார். "டேய், இங்க விடியவே ஏழாகுது. அப்புறம் எப்படி ஏழரைக்கு ராகு காலம் வரும்?" அவர் கேட்டது முற்றிலும் சரி. ராகு காலம் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது. பகலை எட்டாகப் பிரித்தால் திங்கட்கிழமைக்கு இரண்டாம் பாகம். ஆறு மணிக்கு விடிவதாக வைத்து நம் நாட்காட்டியில் ஏழரை முதல் ஒன்பது. ஏழு மணிக்கு விடியும் சிங்கப்பூரில் எட்டரை முதல் பத்து. நேரமண்டலம் என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க அதற்குப் பிறகு நான் ராகு காலத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். தமிழ் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று புரிகிறது.

இந்த இரண்டரை மணி போகும்போது எடுத்துக்கொள்ளப்படுகிறது, வரும்போது திரும்பத் தரப்படுகிறது. இரவு 11.30-க்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே இறங்கும்போது காலை 6.15, வெளியே இன்னும் இருட்டு. சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் இங்கே ஒன்பதே முக்கால், வீட்டுக்கு வந்து சாப்பிட்டே தூங்கலாம். பெரியப்பா இறந்த அன்று அதிகாலையில் அக்காவுக்குச் சொன்னோம். கிடைத்த விமானம் அங்கே பகல் பன்னிரண்டுக்கு. நம் கடிகாரத்தில் இரண்டு ஆவதற்கு முன்னால் மீனம்பாக்கத்தில் இறங்கினாள். மாலையில் உடலை எடுப்பதற்குள் வீட்டில் இருந்தாள். தாத்தாவுக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்தது என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். அந்த நாளிலிருந்து எனக்கு விமானத்தின் சத்தம் மொட்டை மாடியில் தொந்தரவாகத் தெரிந்ததே இல்லை.

தரையில் ஆகும் நேரத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, அந்தப் பக்கம் மறுபடி ஒரு வரிசை, சாங்கியிலிருந்து யீஷூன் வரை ரயில் மாறிப் போவது. வாசலிலிருந்து வாசல் வரை என்றால் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறப்பது அதில் பாதியைத் தொடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டுக்கோட்டை, மன்னார்குடி, அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் சிலர் இன்னமும் ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து சென்னை வந்து விமானம் ஏறுகிறார்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது. திருச்சி–சிங்கப்பூர் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையை விட வெறும் 60 கிலோமீட்டர் கூடுதல். வானத்தில் அது நாலைந்து நிமிடம். அந்த நாலைந்து நிமிடத்துக்காகச் சாலையில் ஆறேழு மணி நேரம் கொடுக்க வேண்டாம். சீட்டு விலை குறைகிறது என்றால் பேருந்துக் கட்டணத்தையும் போகும் தூக்கத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வயதானவர்களை அனுப்புவதாக இருந்தால் முடிந்தவரை பகல் விமானத்தில் அனுப்புங்கள். இரவு விமானத்தில் தூங்கிவிடலாம் என்று தோன்றும். ஏறி, சாப்பாடு கொடுத்து, விளக்கை அணைத்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். இறங்க அரை மணி முன்னாலேயே எழுப்பிவிடுவார்கள். மிஞ்சுவது இரண்டரை மணித் தூக்கம். அதற்குப் பின் இரண்டரை மணி முந்திய ஒரு காலை. அம்மாவுக்கு அதிலிருந்து தெளிய இரண்டு நாள் பிடிக்கும். வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், இந்த இரண்டரை மணி மாற்றத்தை எப்படிச் சமாளிப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

பகலில் போனால் இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். மேகம் இல்லாத நாளில், பாதை அந்த நூலை ஒட்டிப் போனால், கிளம்பி இரண்டேகால் மணி நேரம் தாண்டியதும் கிரேட் நிக்கோபார் அந்தப் பக்கம்தான் வரும்.